மூன்று மாதத்துக்கு மட்டும் பதில் சொல்வேன்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் ஒரே ஒரு வருடம்தான் தலைவராக இருந்தேன். அந்த ஒரு வருடத்தில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு பெண் வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தாள். ஏழு வீடுகளின் சமையலறைகள் இடிந்தன. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், "அந்தம்மா தலைவரா இருந்தப்பதான் எல்லாம் நடந்துச்சு" என்பார்கள். நடந்தது உண்மை. அதில் என் பங்கு எவ்வளவு என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு. அந்தத் தகராறை நான் இன்னும் விடவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே போனால் எங்கள் மூன்று கட்டடங்கள். ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்காகக் கட்டியது. தொழிற்சாலை மூடியபோது, குடியிருந்தவர்களுக்கே வீடுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு மோட்டார், தொட்டி, சாக்கடை, மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் சங்கத்தின் தலையில் விழுந்தது. என் மாமனார் அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் போன பிறகு தரைத் தளத்து வீடு எங்களுக்கு வந்தது. என் கணவர் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் டிரெய்லர் ஓட்டினார். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசல் கிளார்க்காக இருந்தேன். உள்ளே வருகிற வண்டியின் எண்ணை எழுதுவது, வெளியே போகிற வண்டிக்குச் சீட்டு கொடுப்பது. எட்டு மணி நேரமும் தூசியும் ஹாரன் சத்தமும்தான்.

ஏரிகள் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்த கோடை அது. சித்திரையில் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. வாதாம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அப்போது தலைவராக இருந்தவர் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீடுகளை எங்கள் பெயரில் பதிவு செய்ய மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர் அவர். செருப்புத் தேய நடந்தார் என்பது பேச்சுக்காக அல்ல, நிஜம். அதற்காக மூன்று கட்டடமும் அவரைக் கும்பிட்டது. நானும்தான்.

அன்று நான் எழுந்து, "அண்ணே, காலைல மோட்டார் போட்டதும் வர்ற தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. இன்னான்னு பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வி கேக்கறது ஈஸிம்மா. இந்த நாற்காலில குந்திப் பாரு, அப்போ தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் யாரோ என் பெயரை முன்மொழிந்துவிட்டார்கள். கை தட்டல். வேடிக்கையாக ஆரம்பித்தது தீர்மானமாக முடிந்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவராக நான் இப்படித்தான் ஆனேன், வாயை மூடாததற்குத் தண்டனையாக.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "இன்னாத்துக்கு உனக்கு இந்தப் பேஜாரு?"

"ஒருத்தரும் செய்யலன்னா?"

"செய்யாமதான் இத்தினி வருஷம் ஓடிக்கினு கீது."

முதல் மூன்று மாதமும் லாரியோடு போனது. லாரி வருகிறதா, எந்தக் கட்டடத்துக்கு முதலில், யார் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தார்கள் என்று தினமும் பஞ்சாயத்து. வாடை விஷயம் எனக்கே மறந்து போயிற்று. ஆடி மாதக் கடைசியில் மோட்டார் காற்று இழுக்கிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். காசிமேட்டிலிருந்து வருகிறவர். இந்தப் பகுதியின் குழாய்களையெல்லாம் உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்து வைத்திருந்தார். அரை நாள் அங்குமிங்கும் தோண்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுப் பின்பக்கம் வந்து குந்தினார்.

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. தண்ணித் தொட்டி கேட்டாண்ட கீது. மோட்டார் பின்னாடி கீது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இரும்புக் குழாய் இந்த ஏழு வூட்டு சமையக்கட்டுக்கு அடியில போவுது. பக்கத்துலயே கக்கூஸ் லைனு. அது பழைய மண் குழாய். மேல செவுரு எழுப்பிட்டாங்க இல்ல, பாரம் தாங்காம ஒடஞ்சி கீது. இரும்பும் துருப்புடிச்சி ஓட்டை. மோட்டார் ஓடறப்ப அது தண்ணிய மட்டும் இஸ்துக்காது, பக்கத்துல கீற எல்லாத்தையும் இஸ்துக்கும்."

"இப்ப இன்னா பண்ணணும்?"

"கக்கூஸ் லைன மாத்தணும்னா ஏழு சமையக்கட்டையும் ஒடைக்கணும். அதுக்கு மின்னாடி, தண்ணிக் குழாய மட்டும் காம்பவுண்டு செவுரு மேலயே புதுசா போட்டுக்கலாம். நாலு நாள் வேலை. இப்போ தரை காஞ்சி கீது, அதனால வாடையோட போவுது. மழை வந்தா நாஸ்தி."

அவர் சொன்ன இரண்டில் என் காதில் விழுந்தது முதலாவது மட்டும்தான். ஏழு சமையலறைகள். அதில் ஒன்றின் உள்ளே நின்றுகொண்டுதான் அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

தரைத் தளத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு அறையும் ஒரு நடையும்தான். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது அடுப்பும் தொட்டிலும் ஒரே அறையில் இருந்தன. பின்னால் கிடந்த சந்தில் ஆறு பேர் ஏற்கெனவே சமையலறை இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டும் பதினைந்து வருடத்துக்கு முன், ஃபோர்மேனுக்கு முந்திய தலைவர் காலத்தவை. அவர் இறந்துபோய் வெகு காலம் ஆகிறது. மற்ற நான்கும் இவர் அனுமதித்தவை. நானும் போய் இவரிடம் கேட்டேன். "கொழந்த மேல பொறி பறக்குதுண்ணே" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

சங்கத்தின் தீர்மானங்களை எழுதி வைக்கிற நிகழ்ச்சிப் புத்தகத்தில் அன்று இரவே எழுதினேன்: "குழாய்ப் பழுது குறித்து மழைக்காலம் முடிந்த பின் கலந்து பேசுவது." என் கையெழுத்துதான், ரொம்ப அழகாக இருந்தது. எழுதி வைத்ததும் ஏதோ செய்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி. இது நான் பண்ணியதில்லை, பதினைந்து வருடமாக வருவது, இன்னும் நாலு மாதம் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடை டி.வி.யில் புதிதாக ஆட்சிக்கு வருகிற எல்லோரும் பழைய ஆட்சியைக் கைகாட்டுவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் இருந்தவள்தான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. வறண்ட ஊர் மழைக்கு ஏங்கியிருந்ததால் பிள்ளைகள் தெருவில் ஆடினார்கள். கார்த்திகை பிறந்ததும் இரண்டாவது கட்டடத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சல், வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பிறகு ஒரு வெல்டர், அவர் தம்பி, எதிர் வீட்டுக்காரர். பத்து நாளில் பதினோரு பேர். பதினோராவது ஆள் அந்த வெல்டரின் மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி.

தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மோட்டார் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். யார்டில் லீவு சொல்லிவிட்டு லாரிக்காக அலைந்தேன். சுகாதார ஊழியர்கள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வீடு வீடாக ஏறிக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், "வந்துட்டியா, தலைவி!" என்று சொல்லி மூடிவிட்டாள்.

வெல்டரின் மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றிலிருக்கும்போது இந்தக் காமாலை வந்தால் தாய்க்கே ஆபத்து என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் பிழைத்தாள். நான் வராந்தாவில் நின்றேன். அவள் கணவன் என்னைப் பார்த்துவிட்டு மாத்திரைச் சீட்டோடு கடந்து போனான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம். கூட்டியது நானில்லை, அவர்கள். வாதாம் மரத்தடியில் நாற்காலி போதாமல் படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜினாமா கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சும்மா போகவில்லை. பழைய நிகழ்ச்சிப் புத்தகங்கள் மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு போனேன்.

மாடி வீட்டு இளைஞன் ஒருவன் முதலில் எழுந்தான். "ஏழு மாசமா தலைவி. இத்த கூட பாக்கலன்னா இன்னாத்துக்கு தலைவி? மரியாதையா எழுதிக் குடுத்துட்டு போயிடு."

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் எனக்காகப் பேசினார். "இன்னாப்பா பேசற? அது வந்தே ஏழு மாசம்தான். மின்னாடி கீறவங்க பண்ணிட்டுப் போனதுக்கு அது இன்னா பண்ணும்?"

அதைத்தான் நானும் சொல்ல வந்திருந்தேன். புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். இன்ன வருடம் இன்ன மாதம் முதல் சமையலறைக்கு அனுமதி, கையெழுத்து. இரண்டாவது, கையெழுத்து. மூன்றாவதிலிருந்து ஃபோர்மேனின் கையெழுத்து. கூட்டம் மெல்ல அவர் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், அது எனக்கு இனித்தது. ஆறு வரைக்கும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "ஏழாவது யாருதுன்னு படிம்மா."

மறுபடி பிரித்தேன். என் வீட்டு எண்ணைப் படித்தேன். கீழே விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அதையும் படித்தேன். இளைஞன் விசில் அடித்தான். பின்னாலிருந்து யாரோ, "கேடிமே நீ!" என்றார்கள்.

அப்போதும் எனக்குப் பதில் இருந்தது. நான் கேட்டவள், அவர் கொடுத்தவர், மண் குழாய் தெரிந்தவர் அவர், குழந்தைக்காரி நான் என்று ஆரம்பித்தேன். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எழுந்தாள். வெல்டரின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கண்ணில் மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்தது.

"யாரு கட்னாங்க, யாரு கையெழுத்து போட்டாங்க, அதெல்லாம் எனக்கு வோணாங்க்கா" என்றாள். குரலே எழும்பவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தியதால்தான் கேட்டது. "உனக்கு எப்பத் தெரியும்? அத்த மட்டும் சொல்லு."

நான் பொய் சொல்லியிருக்கலாம். பிளம்பர் அங்கே இல்லை. புத்தகத்தில் "குழாய்ப் பழுது" என்று மட்டும்தான் இருந்தது, எந்தக் குழாய் என்று இல்லை.

"ஆடி மாசம்" என்றேன்.

"ஆடி..." என்று அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். நானே சொன்னேன்: "ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மூணு மாசம் தெரிஞ்சும் சும்மா இருந்தேன். நாலு நாள்ல செய்யிற வேலைன்னு சொன்னாங்க. என் சமையக்கட்டு போயிடும்னு பயந்தேன். அதான் நிஜம்."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை எழுதி முடியாது. நாற்காலிகள் விழுந்தன. "எறங்குடி" என்று ஒரு குரல். என் கணவர் கூட்டத்துக்குள் புகுந்து வரப் பார்த்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். சத்தம் அடங்கும்வரை நின்றேன். அடங்கவில்லை. அதனால் கத்தினேன்.

"மூணு மாசத்துக்கு நான் பதில் சொல்றேன். போலீஸுக்குப் போறதா இருந்தாலும் போங்க, வரேன். ஆனா பதினஞ்சு வருஷத்த என் தலையில கட்டாதீங்க, அத்த நான் சொமக்க மாட்டேன். அந்தத் தண்ணி வாடைய இங்க கீற எல்லாரும்தான் மோந்தீங்க. சித்திரைல நான் கேட்டப்ப சிரிச்சீங்க. ராஜினாமா? நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா அந்த ஏழு செவுத்தையும் யாரு ஒடைப்பா? நீ ஒடைப்பியா?" என்று இளைஞனைப் பார்த்துக் கேட்டேன். "சித்திரை வரைக்கும் நான்தான் தலைவி. ஒடைச்சிட்டுதான் எறங்குவேன்."

நேராக வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களை நடையில் எடுத்து வைத்தேன். அவசரத்தில் சாம்பார்த் தூள் டப்பா கொட்டிவிட்டது. கணவர் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் கேஸ் சிலிண்டரின் குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, டிரெய்லரிலிருந்து சம்மட்டியை எடுத்து வந்தார். முதல் அடியை நான்தான் போட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தோள்தான் வலித்தது. பிறகு அவர் அடித்தார்.

பிளம்பர் மறுநாள் வந்தார். காம்பவுண்டுச் சுவர் மேல் புதுத் தண்ணீர்க் குழாய் சரியாக நாலு நாளில் முடிந்தது. ஐந்தாம் நாள் காலை நல்ல தண்ணீர் வந்தபோது நான் அதைப் பார்க்கப் போகவில்லை. ஆடியில் செய்திருந்தால் ஆடியிலேயே வந்திருக்கும் தண்ணீர் அது.

சமையலறைகளில் நான்கு பேர் அந்த வாரமே தாங்களாக இடித்தார்கள். இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். "உனக்குப் பாவம், எனக்கு இன்னா?" என்று ஒருவர் கதவை அடைத்தார். தினம் காலையில் வேலைக்குப் போகும் முன் அந்த இரண்டு பேர் வாசலிலும் போய் நின்றேன். யார்ட் முதலாளி ஏன் தாமதம் என்று கேட்டபோது, "சமையக்கட்டு ஒடைக்கணும் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தக் கடைசிச் சுவரும் விழுந்தது. கீழே தோண்டியபோது மண் குழாய் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த மாதங்களில் நடையில் அடுப்பு வைத்துத்தான் சமைத்தேன். ஒரு சாயங்காலம் ஃபோர்மேன் வந்து நின்றார். மூன்றாவது மாடிக்காரர். அவருக்குச் சமையலறை நீட்டல் எதுவும் கிடையாது. தனக்கென்று ஒரு செங்கல் வைத்ததில்லை.

"எத்தினி வருஷ பேரு. ஒரே நாள்ல நாறடிச்சிட்டியேம்மா" என்றார்.

"நான் படிச்சதுல ஒரு வார்த்த பொய் இருந்தா சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு நீ வந்து கேட்டப்போ முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உங்களத் திட்டியிருப்பேன். மூணு கட்டடமும் கேக்கற மாதிரி திட்டியிருப்பேன்."

"அதான் பாத்தியா."

"நீங்க திட்டு வாங்கிக்கினு முடியாதுன்னே சொல்லியிருக்கணும்ணே. நானும் ஆடியில அப்படித்தான் செஞ்சிருக்கணும்."

தோசை கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

வெல்டரின் மனைவி என்னை மன்னித்தாளா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. படியில் எதிரே வந்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அவளிடம் மட்டும் நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன்.

சித்திரையில் மறுபடியும் தேர்தலில் நின்றேன். எல்லோரும், "வோணாம், அசிங்கப்படுவே" என்றார்கள். தோற்கப் போகிறேன் என்று தெரிந்தே நின்றேன். ஓடிப்போனாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. படுதோல்வி. விசில் அடித்த அதே இளைஞன் தலைவரானான்.

ஒப்படைக்கும்போது புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். இரண்டாவது கட்டடத்து மேல்தொட்டியில் விரிசல். மோட்டார் ஷெட் வயரிங் பழசு, மழையில் ஷாக் அடிக்கும். மூன்றாவது கட்டடத்துக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது. எனக்குத் தெரிந்தது ஒன்று விடாமல் எழுதினேன். நான் செய்யாமல் விட்டவை எவை என்றும் எழுதினேன். பேனாவை அவனிடம் நீட்டினேன்.

"படிச்சிட்டு கையெழுத்து போடு."

படித்தான். முகம் மாறியது. "இதுல கையெழுத்து போட்டா, நாளைக்கு இன்னா ஆனாலும் எனக்கு மின்னாடியே தெரியும்னு ஆயிடுமேக்கா?"

"ஆமாம்பா. அதுக்குத்தான்."

"உனக்கு யாரும் இப்படி எழுதிக் குடுக்கல இல்ல? சொம்மா நீயும் அப்படியே குடுத்துட்டுப் போயேன்."

"மாட்டேன்" என்றேன்.

அரை மணி நேரம் பேசிப் பார்த்தான். சிரித்துப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கடைசியில் போட்டான். தேதியும் போடச் சொன்னேன். போட்டான். அதற்குப் பிறகுதான் சாவிக்கொத்தைக் கொடுத்தேன்.